பொருள்: ட்ரிவியாவுக்குத் தமிழில் என்ன? (வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது)

மோக்கா, மொரீஷியஸ், திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் சினிமா, டிவி பற்றி வினாடி வினா நடத்துகிறார்கள். கேள்விகளைச் சின்னப் புத்தகமாகவும் போடுகிறோம். உள்ளே எல்லாம் தயார். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', அதில் தெலுங்கும் பேசினார்கள். 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கினார். இந்த மாதிரி அறுபது கேள்வி. அட்டையில்தான் 'திரை ட்ரிவியா' என்று போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரிச் சின்னச் சுவையான தகவலைக் குறிக்க வெள்ளி காலை பத்து மணிக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். ஒன்றே ஒன்று.

ரோஸ் ஹில், அதே இரவு

தங்கச்சி, முதலில் வேரைப் பார்ப்போம். இலத்தீனில் 'ட்ரி' என்றால் மூன்று, 'வியா' என்றால் வழி. மூன்று தெரு கூடுகிற இடம். அப்படியானால் முச்சந்தி! ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை மூன்றுக்கும் சேர்த்து இதே வேரில்தான் பெயர் வைத்தார்கள். நமக்கு இயல், இசை, நாடகம். மூன்றும் சந்திக்கிற இடம் சினிமாதானே? 'திரை முச்சந்தி' என்று கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். அந்தக் காலத்தில் தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களைக்கூட ஆய்வாளர்கள் முச்சந்தி இலக்கியம் என்கிறார்கள்.

குவாத்ர் போர்ன், செவ்வாய்

ஐயா, எங்கள் பாட்டி முச்சந்தியில் போட்டதெல்லாம் சுற்றிப்போட்ட உப்பும் மிளகாயும்தான். கோபம் வந்தால் தாத்தாவை 'முச்சந்தியில நிறுத்திடுவேன்' என்பார். அந்தச் சொல்லையா அட்டையில் போடுவது? பத்திரிகைக்காரர்கள் எத்தனையோ காலமாகத் 'துணுக்கு' என்று எழுதுகிறார்கள். அது போதாதா?

ரோஸ் ஹில், செவ்வாய்

தம்பி, துணுக்கு என்றால் சிரிப்புத் துணுக்கும்தான். ஆனால் வேர் நல்ல வேர். துணி, துண்டு, துண்டம் எல்லாம் வெட்டுப்பட்டவை. இலங்கைப் பாடநூல்களில் இயற்பியல் துகளைத் துணிக்கை என்பார்கள். அப்புறம் 'துணுக்குறுதல்' இருக்கிறது, திடுக்கிடுவது. வெட்டுவதும் திடுக்கிடுவதும் ஒரே வேரா? வெட்டும்போது திடுக்கிடத்தானே செய்வோம்? நேற்று இரவு ஒரு மணி வரை இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 'துணிவு' எங்கே சேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளை விரிவாக எழுதுகிறேன்.

டர்பன், செவ்வாய் இரவு

தென்னாப்பிரிக்காவிலிருந்து நானும் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன். 'கொசுறு' எப்படி? காய் வாங்கி முடித்ததும் என் அம்மா கடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போட்ட பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார். படம் பார்த்த காசுக்கு மேலே கிடைக்கிற தகவலும் அதுதான். சுத்தம் பார்க்காதீர்கள். எங்கள் பெரியவர்களுக்கு சினிமா என்றால் பயாஸ்கோப். அதனால் தமிழ் ஒன்றும் செத்துவிடவில்லை.

ஒரு கொசுறு: எங்களுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரி 5-ஆம் தேதிதான்.

குவாத்ர் போர்ன், புதன்

அண்ணே, மொரீஷியஸில் 1965-லேயே டிவி வந்துவிட்டது. சென்னைக்கு 1975. கரும்புக் காட்டுக்கு நடுவே நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது கோடம்பாக்கத்தில் டிவி இல்லை! அக்கா, இதை அறுபத்தொன்றாவது கேள்வியாகச் சேருங்கள்.

ரோஸ் ஹில், புதன்

கொசுறு தமிழே இல்லை. தெலுங்குக் 'கொசரு'.

குவாத்ர் போர்ன், புதன்

முதல் பேசும்படத்திலேயே தெலுங்கு இருந்ததே ஐயா. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்தோடு வந்து சேர்கிற சொல்லைத் தள்ள வேண்டாம் என்று தொல்காப்பியரே கதவைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ரோஸ் ஹில், புதன்

திறந்துவிட்டார்தான். அதற்காகத் தெருவில் போகிறவரை எல்லாம் கூப்பிடச் சொல்லவில்லை.

மோக்கா, புதன் மாலை

இன்று வகுப்பில் மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். துணுக்கு யாருக்கும் தெரியவில்லை. தமிழ்ப் பத்திரிகை பார்த்தால்தானே? முச்சந்தியைப் படித்த ஒரு பையன் 'மூன்று சாந்தியா மிஸ்?' என்றான். கொசுறுக்கு யாரும் வாயே திறக்கவில்லை. விளக்கிச் சொன்னதும் ஒரு பெண், 'அப்போ கஜாக் மாதிரி' என்றாள். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், குடிக்கும்போது கொறிக்கிற நொறுக்குத் தீனிக்கு அதுதான் பெயர். வகுப்பே கைதட்டியது. எல்லோருக்கும் புரிகிற சொல் என்று இங்கே இரண்டு நாளாகச் சண்டை போடுகிறோம். வீட்டில் கிரியோல் பேசுகிற பிள்ளைக்குத் துணுக்கும் முச்சந்தியும் ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன.

ரோஸ் ஹில், புதன் இரவு

அதைத்தான் நானும் சொல்கிறேன்! எப்படியும் புதிதாகக் கற்கப் போகிறார்கள். நல்ல சொல்லாகக் கற்கட்டுமே.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் 1936-இல் வந்த 'சதி லீலாவதி'யைப் பார்த்தேன். எம்.ஜி.ஆரின் முதல் படம் என்று மட்டும் இருக்கிறது. நாயகன் இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான், அதை விட்டுவிட்டீர்கள். என் பாட்டனின் அப்பா கரும்பு வெட்ட இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறி வந்தவர். எனக்கு அது துணுக்கும் இல்லை, கொசுறும் இல்லை, கஜாக்கும் இல்லை.

மோக்கா, வியாழன் இரவு

ஐயா, அந்தக் கேள்வியை மாற்றி எழுதிவிட்டேன், நன்றி. அட்டைக்குத் துணுக்கு என்று எழுதியவர்கள் நான்கு பேர், கொசுறு இரண்டு, முச்சந்தி ஒன்று. மற்றவர்கள் களைத்துப்போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 'திரைத் துணுக்கு' என்றே அனுப்புகிறேன். கஜாக் வேண்டும் என்று மாணவர்கள் இன்னும் முனகுகிறார்கள்.

டர்பன், வெள்ளி காலை

சரி. எனக்கு இன்னும் கொசுறுதான்.

ரோஸ் ஹில், வெள்ளி, 9.40

என் பிரதியில் மட்டும் பேனாவால் திருத்திக்கொள்வேன், கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. அச்சுக்கு அனுப்பிவிட்டாயா? அனுப்பவில்லை என்றால் 'திரைத் துணுக்கு' நடுவில் ஒற்று இருக்கிறதா என்று பார். போன தடவை சுவரொட்டியில் அதை விழுங்கிவிட்டார்கள். 'துணிவு' பற்றி இன்று மாலை எழுதுகிறேன்.