சாட்சிகள் எல்லாரும் பொலிஸ்: குறுக்கு விசாரணையில் எதைப் பிடிப்பது?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பு நீதவான் நீதிமன்றத்தில் தம்பிக்கு ஹெரோயின் வைத்திருந்ததாக வழக்கு. அடுத்த தவணை விளக்கம் (சாட்சி விசாரணை). சாட்சிகள் மூன்று பேரும் சுற்றிவளைப்புக்கு வந்த பொலிஸ்தான், ஊராக்கள் ஒருத்தரும் இல்லை. பொலிஸ் சொன்னால் அதோட முடிஞ்சுதா?

வாவிக்கரை:
இல்லை. பொலிஸ் என்பதற்காக ஒரு சாட்சியத்தைத் தள்ளவும் முடியாது, கூட்டி மதிக்கவும் முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 146 ஆம் பிரிவு சாட்சியின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் கேள்விகளுக்கு இடம் தருகிறது. "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று கேட்டால் "இல்லை" என்பார், அவ்வளவுதான். பதிவுகளைப் பிடியுங்கள்: நிலையத்தை விட்டு வெளியேறிய பதிவு, திரும்பிய பதிவு, கைதுக் குறிப்பு, பொருளை ஒப்படைத்த பதிவு. எந்தப் பொக்கற், யார் எடுத்தது, எங்கே நிறை பார்த்தது, யார் முன்னால் சீல் வைத்தது, போதைப்பொருளைச் சோதிக்கும் அரச பகுப்பாய்வாளரிடம் போகும்வரை யார் பொறுப்பில் இருந்தது என்று மூவரிடமும் தனித்தனியே கேட்க வேணும். பகுப்பாய்வு அறிக்கையில் தூய ஹெரோயின் அளவு மொத்த நிறையைவிடக் குறைவாகத்தான் வரும். அதை முரண்பாடாகத் தூக்க வேண்டாம். பொலிஸ் நிறுத்த மொத்த நிறையும் சீலும் பொருந்துதா என்பதே கேள்வி. பொருள் கைமாறிய தொடரில் ஓட்டை இருந்தால் வழக்கே ஆடும், சட்டையின் நிறம் மாறிச் சொன்னதால் ஆடாது.

அக்கரைப்பற்று வடக்கு:
சாட்சி குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திச் சொன்னால், 161 ஆம் பிரிவின்படி அதைப் பார்க்கவும் அதன்மேல் கேட்கவும் உங்கள் தரப்புக்கு உரிமை உண்டு. முரணைக் காட்டுவது 145 ஆம் பிரிவின் வழியில்: எழுத்தில் உள்ள அந்தப் பகுதியைச் சாட்சிக்குக் காட்டி, பதில் வாங்கி, அடையாளமிடச் செய்ய வேணும். வெறுமனே "முன்னுக்குப் பின் முரண்" என்று தொகுப்புரையில் சொன்னால் எடுபடாது.
குறிப்புகள் சிங்களத்தில் இருந்தால் தவணைக்கு முதலே மொழிபெயர்த்து வாசியுங்கள். மன்றில் நடப்பது விளங்காத மொழியில் என்றால், மொழிபெயர்ப்பு கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையிலேயே இருக்கு.

வாவிக்கரை:
இன்னொன்று, இதில்தான் கனபேர் கோட்டை விடுகினம். தம்பியின் கதை என்னவோ, அதை முதல் பொலிஸ் சாட்சியிடமே கேள்வியாகப் போட வேணும்: "பொதி இவரிடம் இருக்கவில்லை, பக்கத்து வளவில் கிடந்தது" என்று. அங்கே போடாமல் பிறகு எதிரிக்கூண்டில் நின்று சொன்னால், பிந்திப் புனைந்தது என்று நீதவான் ஒதுக்கலாம். சட்டத்தரணிக்கு வசதி இல்லாவிட்டால் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குத் தவணைக்கு முதலே, குற்றப்பத்திரப் பிரதியோடு போங்கள்.