படுத்ததும் எண்ணங்கள் ஓட ஆரம்பிக்கின்றன, மூச்சுப்பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது: எங்கே தவறு?

அரைத்தூக்கம் (கேள்வி)

பகலில் வேலை ஓடும்வரை பிரச்சினை இல்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் தொடங்கிவிடுகிறது. இன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், நாளைக்கு எது சொதப்பும் என்று ஓடி, கடைசியில் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதில் போய் நிற்கும். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி அதே கதை.

செய்து பார்த்தவை: நல்லதையே நினைப்பது (ஒரு நிமிடம்கூடத் தாங்குவதில்லை), நன்றாக ஆழமாக மூச்சு இழுப்பது (தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது), மனதில் இருப்பதையெல்லாம் நோட்டில் கொட்டுவது (எழுத எழுதக் கனம் கூடுகிறது). சனி ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் திங்கட்கிழமை அதே சோர்வு.

எண்ணங்களை நிறுத்த உருப்படியான வழி உண்டா? மூச்சில் என்ன தவறு? வாழ்க்கையில் சமநிலை என்கிறார்களே, அதை எந்த முனையிலிருந்து பிடிப்பது? "எல்லாம் சரியாகிவிடும்" வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

வெளிமூச்சு

மூச்சு பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும் அளவுக்கு மீறி மூச்சு விடுவதன் அடையாளம். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. பதற்றம் குறைய வேண்டிய இடத்தில் பதற்றத்தின் அறிகுறிகளே வந்து நிற்கும். "ஆழமாக" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது மெதுவான, சிறிய மூச்சு.

மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள், 6 எண்ணும்வரை விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு வினாடி. அப்படியானால் நிமிடத்துக்கு 6 மூச்சு. இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும், அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். நெஞ்சு தூக்காமல் வயிறு மட்டும் லேசாக எழுந்தால் போதும். 4-6 எண்ணிக்கையில் மூச்சு முட்டினால் 3-4 என்று தொடங்குங்கள். 5 நிமிடம், பகலில், பதற்றம் இல்லாத நேரத்தில். இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்: மனம் கொதிக்கும்போது மட்டும் செய்தால் உடம்பு அந்தப் பயிற்சியையே ஆபத்தோடு சேர்த்துப் பழகிக்கொள்ளும்.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் வகுத்த தசைத் தளர்வுக்குப் போகலாம். ஒரு தசைக்கூட்டத்தை 5 முதல் 7 வினாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 வினாடி அந்த வித்தியாசத்தைக் கவனிப்பது. கை, தோள், முகம், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்ற வரிசையில் போகலாம். முழுப் பலத்தில் இறுக்க வேண்டாம், முக்கால் பலம் போதும். கெண்டைக்காலில் அதிகம் இறுக்கினால் தசை பிடித்துக்கொள்ளும்.

நாலாம்_பக்கம்

எண்ணத்தை நிறுத்த முடியாது. நிறுத்தப் பார்ப்பதுதான் பாதிப் பிரச்சினை. 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவர் குழுவும் வெளியிட்ட சோதனை இதற்குச் சரியான சாட்சி. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைவுக்கு வந்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னபோது, தொடக்கத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஒரு எண்ணம் வந்துவிட்டதா என்று காவல் காக்க, மனம் அந்த எண்ணத்தையே கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

நிறுத்துவதற்குப் பதில் தள்ளிப்போடுங்கள். 1983இல் உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழு வெளியிட்ட முறை இது, தமிழில் கவலை நேரம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம். படுக்கையறை கூடாது, படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் கூடாது. மாலை ஆறரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு கவலை தலைகாட்டினால் அதைத் துண்டுச்சீட்டில் நாலு சொல்லில் குறித்து, "ஆறரைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை திரும்ப வேண்டியிருந்தால் முப்பது தடவையும் திரும்புங்கள்.

ஆறரைக்குச் சீட்டை எடுத்தால் பாதி ஏற்கெனவே காய்ந்துபோயிருக்கும், அவற்றை அடித்துவிடுங்கள். மிச்சத்தில் ஒவ்வொன்றையும் "இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். உண்டென்றால் அடுத்த ஒரே ஒரு செயலையும் அதற்கான நாளையும் எழுதுங்கள். இல்லையென்றால் நேரம் முடியும்வரை தாராளமாகக் கவலைப்படுங்கள், மணி அடித்ததும் எழுந்துவிடுங்கள்.

இது தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "இன்றைக்கு மனசு நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஆறரையைத் தவிர்த்துவிடுவார்கள். தள்ளிப்போட்டதற்கு நிஜமாகவே ஒரு நேரம் உண்டு என்ற நம்பிக்கையை மனம் இழந்துவிட்டால், அடுத்த தடவை தள்ளிப்போட அது ஒத்துக்கொள்ளாது. இரண்டு வாரமாவது விடாமல் உட்காருங்கள், சீட்டு காலியாக இருந்தாலும்.

நோட்டில் எழுதுவது கனப்பதற்குக் காரணம், நீங்கள் எழுதுவது புலம்பல். மனதை உறுத்துவதை எழுதித் தீர்க்கும், உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் எழுத்துப் பயிற்சி பிரபலம்தான், ஆனால் அதற்கு எல்லை உண்டு: 15 முதல் 20 நிமிடம், மூன்று நான்கு நாள், அதோடு முடிந்தது. எழுதி முடித்த கையோடு வருத்தம் கூடுவது அதிலும் சகஜம். தினமும் ராத்திரி முடிவில்லாமல் எழுதுவதற்கான முறை அல்ல அது.

"லாயக்கில்லை" போன்ற தீர்ப்புகளுக்கு மனநல மருத்துவர் ஆரோன் பெக் வழி வந்த எண்ணப் பதிவு. ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம். உதாரணம் இப்படி இருக்கும்:

நடந்தது: மேலாளருக்கு காலை 10 மணிக்கு அனுப்பிய அறிக்கைக்கு மாலை வரை பதில் இல்லை.
உணர்ச்சி: பயம், 100க்கு 80.
எண்ணம்: "அறிக்கை படுமோசம், என்னைக் கழற்றிவிடப் போகிறார்."
ஆதாரம் (ஆதரவு / எதிர்ப்பு): போன மாதம் இரண்டு திருத்தம் சொன்னார் / அவர் இன்று முழுக்கக் கூட்டத்தில் இருந்தார், வேறு இருவருக்கும் பதில் வரவில்லை.
நிதானமான வாசகம்: "பதில் வரவில்லை, காரணம் தெரியாது. நாளை 11 மணிக்கு ஒரு வரி கேட்பேன்." பயம், 45.

80 பூஜ்யமாகாது. ஆக வேண்டியதும் இல்லை. முதல் கட்டத்தில் கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் எழுதுங்கள். "மேலாளர் என்னை மதிக்கவில்லை" என்று அங்கேயே எழுதினால் பதிவு முழுவதும் கோணலாகிவிடும். கடைசிக் கட்டத்தில் "நான் மிகச் சிறந்தவன்" என்று எழுதாதீர்கள். மனம் நம்பாத வாசகத்தால் பயன் இல்லை. நல்லதையே நினைப்பது உங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்காததும் இதனால்தான்.

அமைதிப்_பூங்கா

தியானம் பண்ணுங்க பாஸ். பத்தே நாள்ல எல்லாம் பறந்துடும்.

வெளிமூச்சு

தியானம் நல்லதுதான், பத்து நாள் கணக்குதான் உதைக்கிறது. கண்ணை மூடி அரை மணி உட்கார்ந்தால் எண்ணச்சுழலில் இருப்பவருக்கு முதலில் சத்தம் கூடத்தான் செய்யும். கண் திறந்து, 5 நிமிடம், நடந்துகொண்டே பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது போன்றதில் தொடங்கினால் நிலைக்கும். எண்ணம் வந்தது தோல்வி இல்லை, வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் பயிற்சி.

அரைத்தூக்கம்

நன்றி, ஆறரை மணி விஷயத்தை இன்றே தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: ஆதாரம் தேடும்போது எண்ணம் உண்மையாகவே இருந்துவிட்டால்? வேலையில் நிஜமாகவே இரண்டு கெடு தவறியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அப்போ அது எண்ணத்தோட பிரச்சினை இல்லீங்க, வேலையோட பிரச்சினை. ரெண்டு கெடு தவறினது தகவல். "லாயக்கில்லை" தீர்ப்பு. தகவலுக்குத் தீர்வு தேடணும், தீர்ப்பைத்தான் எண்ணப் பதிவுல போடணும். ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டா ரெண்டும் நகராது.

"ஏன் எனக்கு மட்டும் இப்படி?"ன்னு தொடங்கற எந்தக் கேள்வியும் வட்டமடிக்கும். அதையே "சரியா எந்த இடத்துல தாமதமாச்சு, அடுத்து என்ன?"ன்னு மாத்துங்க. பிரச்சினையை ஒரே வாக்கியத்துல எழுதுங்க: "வேலைப்பளு அதிகம்"னு எழுதினா ஒண்ணும் பண்ண முடியாது, "புதன்கிழமை வர்ற அவசர வேலைகளால வாராந்திர அறிக்கை வெள்ளிக்குள்ள முடியறதில்லை"ன்னு எழுதினா பண்ணலாம். அப்புறம் அபத்தமானதையும் சேர்த்து அஞ்சு வழி எழுதுங்க. எழுதும்போது ஒண்ணையும் வெட்டாதீங்க. ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, 15 நிமிஷத்துல முடியற முதல் படியா உடைங்க. ஒரு வாரம் கழிச்சு எந்த நாள் சரிபார்க்கணும்னு தேதியும் போடுங்க.

புது வேலை தலையில விழும்போது முடியாதுன்னு சொல்லத் தயங்கறவங்களுக்கு ஒரு வாசகம்: "இதை வியாழனுக்குள்ள முடிச்சுத் தர்றேன், அப்படின்னா அறிக்கை திங்கட்கிழமைக்குப் போகும். எது முதல்ல வேணும்?" மறுப்பு இல்லை, விலைப்பட்டியல். தேர்வு அவங்க கையில.

சமநிலைன்னா வேலைக்குப் பாதி, வீட்டுக்குப் பாதின்னு மணியைப் பங்கு போடறது இல்லை. பாரம் ஏறின அன்னிக்கே கொஞ்சம் இறங்குதான்னு பாருங்க. அஞ்சு நாள் சேர்த்து வச்சு சனி ஞாயிறுல மொத்தமா இறக்கப் பாக்கறதாலதான் திங்கட்கிழமை சோர்வு. படுத்துக் கிடந்தா உடம்பு ஓயும், மனசு ஓயாது. கை சும்மா இருக்கும்போதுதான் அதுக்கு முழு மைதானமும் காலி.

ஒரு வாரத்துக்கு மணிவாரியா என்ன செஞ்சீங்கன்னு குறிங்க. பக்கத்துல ரெண்டு மார்க்: முடிச்ச திருப்தி 10க்கு எவ்வளவு, மகிழ்ச்சி 10க்கு எவ்வளவு. வார முடிவுல பாத்தா ஆச்சரியமா இருக்கும். ஃபோனை ஸ்க்ரோல் பண்ண ரெண்டு மணி நேரத்துக்கு 2, 1னு இருக்கும், இருபது நிமிஷம் நடந்ததுக்கோ நண்பர்கிட்ட பேசினதுக்கோ 6, 7 இருக்கும். அந்த 6, 7ல ரெண்டை எடுத்து அடுத்த வாரக் காலண்டர்ல நேரம் போட்டு வைங்க. மனசு வந்தா செய்யலாம்னு விட்டா நடக்காது. சோர்ந்திருக்கறப்போ செயல்தான் முதல்ல வரும், மனசு பின்னால வரும். உடற்பயிற்சிக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம், மிதமான வேகத்துல. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம்.

மூணுமணிக்காவலன்

தூக்கப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மூன்று மணிக்கு விழிப்பது தன்னளவில் கோளாறு இல்லை. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது, பின்பாதியில் லேசாகக் கலைந்தாலும் விழிப்பு வரும். சிக்கல் விழித்த பிறகு நடப்பதில். கடிகாரம் பார்ப்பது, "இன்னும் மூன்று மணி நேரம்தான்" என்று கணக்குப் போடுவது, அந்தக் கணக்கால் பதறுவது. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள், ஃபோன் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

குத்துமதிப்பாக 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கலான வெளிச்சம், சுவாரசியம் குறைந்த புத்தகம். கண் சொருகினால் மட்டும் திரும்புங்கள். 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் முன்வைத்த முறை இது. படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி பழக வேண்டும், இப்போது உங்களுக்குப் படுக்கை என்றால் கவலை என்று பழகியிருக்கிறது. முதல் வாரம் தூக்கம் இன்னும் குறையும், அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். எவ்வளவு தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது, ஞாயிறு உட்பட. ஞாயிறு மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது.

படுக்கும்முன் எழுதியே ஆக வேண்டும் என்றால், நாளை செய்ய வேண்டியவற்றை மட்டும் 5 நிமிடம் எழுதுங்கள். 2018இல் வெளியான ஒரு பரிசோதனையில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம்.

காபி: உடம்பில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம். மாலை நாலரைக்குக் குடித்ததில் பாதி இரவு ஒன்பதரைக்கும் ரத்தத்தில் இருக்கும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வோ எதிலும் பிடிப்பில்லாமையோ பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரம் நீடித்து, தூக்கம், பசி, கவனம் எல்லாம் சேர்ந்து குலைந்தால் போய்விடுங்கள். "லாயக்கில்லை" என்பது "இருந்தே என்ன பயன்" என்று மாறினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட்டு உதவிக்குப் போக வேண்டும். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் சோர்வு, படபடப்பு என்று முகம் காட்டும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பலத்த குறட்டையும் மூச்சுத் திணறி விழிப்பதும் இருந்தால் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், அது வேறு விசாரணை.

போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பைக் கொண்டுபோங்கள்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எத்தனை முறை விழிப்பு, எழுந்த நேரம், காபி எப்போது. காலையில் எழுந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் போதும், ராத்திரி நேரம் பார்த்து எழுத வேண்டாம்.