பெங்களூருக்குக் குடிபோகலாமா என்று பார்க்கப் போனபோது நடந்தது: தனியாகப் போனவர்கள் சொல்லுங்கள்

மலைக்கோட்டை:
ஒயிட்ஃபீல்டில் வேலை கிடைத்திருக்கிறது. பதில் சொல்ல திங்கள் வரை நேரம் கொடுத்தார்கள். ஊரை ஒரு எட்டு பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வெள்ளி ராத்திரி திருச்சியில் பஸ் ஏறினேன். விடியாத நேரத்து மடிவாளா, குளிர், ஆட்டோ பேரம் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

குந்தலஹள்ளி பக்கம் ஒரு லேடீஸ் பிஜி விடுதி. நடத்துகிறவர் ஆந்திராக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். மூன்றாவது மாடியில் ஒரு அறையைத் தட்டாமலே திறந்தார். உள்ளே ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டோடு லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். "இவங்க மாசக் கடைசில காலி பண்றாங்க. வைஃபை, மூணு வேளை சாப்பாடு, இருபத்து நாலு மணி நேரமும் தண்ணி" என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

தண்ணி என்றதும் அந்தப் பெண் ஒரு காலை நீட்டி, கட்டிலில் இருந்து தொங்கிய பெட்ஷீட்டைக் கட்டைவிரலால் மேலே தூக்கினாள். அடியில் வாளி வாளியாகத் தண்ணீர். பழைய பெயின்ட் டப்பா, இருபது லிட்டர் கேன், ஒரு எண்ணெய் டின் கூட இருந்தது, எல்லாவற்றின் மேலும் நியூஸ்பேப்பர் மூடி. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் ஷீட்டை விட்டுவிட்டாள். டைப் அடிப்பதை ஒரு நொடி கூட நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அட்வான்ஸ் திரும்பி வராது என்று பயந்தாளா, இல்லை என்ன என்று தெரியவில்லை. வேலைக்கு சரி என்று சொல்லிவிட்டேன். அந்தக் கால் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. இந்த மாதிரி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

நொய்யல்கரை:
உங்களுக்காவது சொல்ல ஒரு ஆள் இருந்தது. என் கதையில் வில்லன் நம்ம ஆளே.

ஈஜிபுரா, சிங்கிள் பெட்ரூம். "பேச்சுலருக்குக் கிடையாது" என்று நாலு கேட்டில் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். இவர் வாசலிலேயே "தமிழா? உள்ள வாங்க தம்பி" என்றார். அவருக்குப் பூர்வீகம் தர்மபுரி பக்கமாம். அவர் வீட்டம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். பேச்சுலரா, பரவாயில்லை, தங்கமான பையனாகத் தெரிகிறீர்கள் என்றார். சாவியை எடுத்து டீப்பாயில் வைத்தார். அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் ஊரில் எந்தப் பக்கம் என்றார். சொன்னேன். அங்கே எந்தத் தெரு என்றார். சொன்னேன். குலதெய்வம் எது என்றார். அதையும் சொன்னேன்.

பேசிக்கொண்டே சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குரல் மாறவே இல்லை, அதே சிரிப்பு. "தம்பி, என் மச்சினன் பையனும் கேட்டிருந்தான், மறந்தே போச்சு, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அந்தம்மா என் டம்ளரை எடுக்க வரவில்லை. கிளம்பும்வரை அது டீப்பாயிலேயே இருந்தது.

கணக்குப்பிள்ளை:
@நொய்யல்கரை ப்ரோ, இது சென்னையில் நடக்காதா? மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வெஜிடேரியன் ஒன்லி என்று போர்டே தொங்கும். ஊர் மேல் பழி போடாதீர்கள்.

என் அனுபவம் சின்னதுதான். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு ஓனர், நான் வீடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பையனையும் வரச்சொல்லி, ஹாலில் நிற்க வைத்து எங்கள் இருவருக்குள் ஏலம் விட்டார். அவன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, என் முகம் அவனுக்கு ஞாபகம் இருக்கும். அவ்வளவுதான்.

ஆனால் மலைக்கோட்டை, புதிதாகப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். சனி ஞாயிறில் போய் ஊரைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அது வேற ஊர். செவ்வாய் அல்லது புதன் காலை ஒன்பது மணிக்கு, நீங்கள் தங்கப்போகும் இடத்தில் இருந்து ஆபீஸ் வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். 2023 அக்டோபரில் மெட்ரோ பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு காடுகோடி வரை முழுசாகத் திறந்துவிட்டதால், அந்த லைனில் எங்கே தங்கினாலும் பிழைத்துக்கொள்ளலாம். இந்திராநகர், பையப்பனஹள்ளி, கேஆர்புரம் எதுவானாலும் சரி. எலக்ட்ரானிக் சிட்டி ஆட்கள் மட்டும் ரொம்ப நாள் சில்க்போர்டு டிராஃபிக்கில் செத்தார்கள், 2025 ஆகஸ்டில் யெல்லோ லைன் வந்த பிறகு அவர்களுக்கும் விடிவு. மெட்ரோ கட்டணம் கூடிவிட்டது, அதிகபட்சம் 60 ரூபாயாக இருந்தது 2025 பிப்ரவரியில் 90 ஆனது. மாதச் செலவில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடு எடுத்தால் அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்று ஆரம்பிப்பார்கள். ஐந்து, ஆறுக்கு இறங்குவார்கள், பேசுங்கள். காலி பண்ணும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது அங்கே வழக்கம், அக்ரிமென்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பதினொரு மாத அக்ரிமென்ட்தான் போடுவார்கள். புரோக்கருக்கு ஒரு மாதம் தனி. லீஸ் என்று மொத்தமாக லட்சங்களைக் கேட்டு, வாடகையே வேண்டாம் என்பவர்களிடம், கொடுக்கிறவர்தான் உண்மையான ஓனரா என்று பத்திரம் பார்க்காமல் ஒரு ரூபாய் நீட்டாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஓனரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள். காவிரி கனெக்‌ஷனா, போர்வெல்லா, டேங்கரா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் போர்வெல் வற்றிக் கிடந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று போட்ட ஊர் அது. அந்த வருஷம் அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறந்து, ஊரோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு என்று நாளுக்கு 77.5 கோடி லிட்டர் வரும் என்றார்கள். ஒயிட்ஃபீல்டு இருக்கும் மகாதேவபுரா பக்கமெல்லாம் அதில் அடக்கம். ஆனால் குழாய் தெருவுக்கு வருவது வேறு, உங்கள் பிஜி சம்ப்புக்கு வருவது வேறு.

நொய்யல்கரை:
@கணக்குப்பிள்ளை நான் பெங்களூரைத் திட்டவே இல்லையே சார். திட்டியது தர்மபுரிக்காரரை. முதல் வரியையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

வைகை_வடகரை:
பஸ் கதை ஒன்று.

நம்ம ஊரில் 2021ல் இருந்து சாதா டவுன் பஸ்ஸில் ஏறினால் கையை நீட்டுவோம், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பெங்களூரிலும் பெண்களுக்கு ஃப்ரீ என்று 2023ல் சக்தி திட்டம் வந்தது தெரியும். கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்பது தெரியாது.

மெஜஸ்டிக்கில் இருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வயசான அம்மா. உட்கார்ந்ததுமே கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினேன். அவர் நிறுத்தவில்லை. ஏதோ பெயர் சொன்னார், ஆஸ்பத்திரி என்றார், கையை விரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் அப்போதும் தலையாட்டினேன். அவ்வளவு தூரம் போன பிறகு "எனக்குக் கன்னடம் தெரியாது" என்று எப்படிச் சொல்வது?

கண்டக்டர் ஆதார் கேட்டார். நீட்டினேன். மேலே தமிழ் எழுத்து. "தமிழ்நாடா? டிக்கெட் எடுக்கணும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், நல்ல மனுஷன். நான் பையில் பர்ஸைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா என் ஆதாரையே பார்த்தார். அப்புறம் சுத்தத் தமிழில், "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நானும் கோலார் தங்கவயல்தான்" என்றார்.

சரி, இனிமேல் தமிழில் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. இறங்கும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகவே பார்த்துக்கொண்டு வந்தார். யாருக்கு என்ன ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, எதுவும் தெரியாது. வீடு பிடித்தது, வேலை பிடித்தது, இப்போது அங்கேதான் இருக்கிறேன். அந்த ரூட்டில் ஏறினால் வயசானவர்கள் முகத்தை எல்லாம் பார்க்கிறேன்.

பழையபாக்கி:
நான் போகாமல் விட்டவன். 2016 செப்டம்பர் 12, திங்கள். இன்டர்வியூ ஜெயநகரில். தேதியைப் பார்த்ததும் தெரிந்திருக்கும், காவிரிக் கலவரம் நடந்த நாள்.

இன்டர்வியூ நன்றாகப் போனது. மத்தியானம் வெளியே வந்தால் கடை ஷட்டர் எல்லாம் இறங்குகிறது. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளை எரிக்கிறார்கள் என்று செக்யூரிட்டி சொன்னார். ஒரு ஆட்டோக்காரர், கன்னடக்காரர், கேட்காமலே நிறுத்தி ஏறச் சொன்னார். ஏறியதும் ஒரே ஒரு விஷயம் சொன்னார், "ஃபோன் வந்தா தமிழ்ல பேசாதீங்க."

சிக்னலில் ஒரு கும்பல் நிற்கிறது, பைக்குகள், கொடி. சரியாக அப்போது அம்மா ஃபோன். கட் பண்ணினால் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். எடுத்து, "எஸ், எஸ், ஐ ஆம் ஃபைன், ஓகே, கால் யூ லேட்டர்" என்றேன். எங்கள் அம்மாவுக்கு எஸ், நோ தவிர இங்கிலீஷ் கிடையாது. "டேய், யாருடா அது? என் பையன் எங்க?" என்று கத்துகிறார்கள். ஆட்டோ முழுக்கக் கேட்கிறது. ஆட்டோக்காரர் ஸ்கூட்டர் ஹாரன் மாதிரி விடாமல் ஹாரன் அடித்து அந்தச் சத்தத்தை மூடினார்.

அத்திபெலே வரை எப்படியோ போய், அங்கிருந்து ஜனத்தோடு ஜனமாக நடந்து ஓசூர் எல்லையைத் தாண்டினேன். அந்த வேலை கிடைத்தது, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் இன்றும் நான் இங்கிலீஷில் ஃபோன் பேசினால் அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அல்சூர்வாசி:
@பழையபாக்கி உங்கள் அனுபவம் உண்மை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெங்களூரு என்றதும் யாராவது ஒருவர் 2016ஐ எடுத்துவிடுகிறீர்கள். பிறந்து வளர்ந்த நாங்கள் எங்கே போவது? அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை திறக்க விடாமல் பதினெட்டு வருஷம் துணி சுற்றி நின்றதையும் நாங்கள்தான் பார்த்தோம், 2009 ஆகஸ்டில் துணி விலகியதையும் நாங்கள்தான் பார்த்தோம். நாலே நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறந்தார்கள், அதை யாரும் பேசுவதில்லை.

நான் வீடு பார்க்க வந்தவள் இல்லை, வீடு காட்டினவள். எங்கள் மாடி ரூமைப் பார்க்க ஒரு பையன் வந்தான். வேலூர் பக்கம் என்றான். குழாயைத் திறந்துவிட்டு ஓடட்டும் என்று நின்றான். ஒவ்வொரு மூலையிலும் ஃபோனைத் தூக்கிப் பிடித்து டவர் பார்த்தான். கடைசியில் வெறும் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்! அம்மாவும் நானும் வாசலில் நிற்கிறோம். ராத்திரி ரோட்டுச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று பார்க்கிறானாம். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, "சூப்பர்மா, நாளைக்குக் காலைல அட்வான்ஸோட வரேன்" என்றான்.

அவன் வருவான் என்று அம்மா மற்றவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார்கள். அவன் வரவே இல்லை, ஃபோனும் எடுக்கவில்லை. நன்றாகத்தானே படுத்துப் பார்த்தான், என்ன சத்தம் கேட்டது அவனுக்கு என்று அம்மா இன்னமும் கேட்கிறார்கள். தம்பி, நீ இதைப் படித்தால் காரணத்தை மட்டும் எழுதிவிட்டுப் போ.

ரெண்டாம்ஷோ:
எல்லோரும் வீடு, தண்ணி என்று பேசுகிறீர்கள். எனக்கு ஊரில் இருந்து போகவே மனசு வராததற்குக் காரணம் சனிக்கிழமை சாயங்காலம்தான். தெரிந்தவன் ஒருத்தன் இல்லாத ஊரில் அந்த நேரத்தை என்ன செய்வது?

பசவனகுடி பக்கம் ஒரு தர்ஷினி ஹோட்டல். எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள், அதனால் தனியாக வந்தவன் யார், கூட்டாக வந்தவன் யார் என்றே தெரியாது. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. காபி டோக்கனுக்கு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்றவர், வயசு அறுபதுக்கு மேல் இருக்கும், குரங்குக் குல்லா, திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்து, "பை டூ?" என்றார். முழு டம்ளர் அவருக்கு ஆகாதாம், டாக்டர் சொல்லியிருக்கிறார். தலையாட்டினேன். அவரே காசு கொடுத்தார். எதிரும் புதிருமாக நின்று ஆளுக்குப் பாதி குடித்தோம். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, குலதெய்வமும் கேட்கவில்லை நொய்யல்கரை. டம்ளரை வைத்துவிட்டு, "நாளே?" என்றார், அதாவது நாளைக்கு வருவாயா என்று. நான் ஊருக்கு பஸ் டிக்கெட் போட்டிருந்தேன். "வரேன்" என்று தமிழில் சொன்னேன்.

அடுத்த மாதமே குடிபோய்விட்டேன். அந்தக் கடைக்கு அடிக்கடி போகிறேன். ஆளைக் காணோம்.

கணக்குப்பிள்ளை:
@ரெண்டாம்ஷோ பசவனகுடி பக்கம் தங்கி எங்கே வேலை பார்க்கிறீர்கள்? ஒயிட்ஃபீல்டு என்றால் தினமும் கிரீன் லைனில் ஏறி மெஜஸ்டிக்கில் மாற வேண்டும். யோசித்தீர்களா?

ரெண்டாம்ஷோ:
நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று சொல்லவே இல்லையே சார்.

மலைக்கோட்டை:
எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சார், வாட்ச்மேனிடம் கேட்டேன். அந்த பிஜிக்கு டேங்கர்தான், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அல்சூர்வாசி அக்கா, உங்கள் மாடி ரூம் இன்னும் காலியாக இருக்கிறதா? அல்சூர் பர்ப்பிள் லைனிலேயே வருகிறது, மேப்பில் பார்த்தேன். அட்வான்ஸ் எவ்வளவு?

அல்சூர்வாசி:
அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் மா. படுத்துப் பார்ப்பதாக இருந்தால் பாய் கொண்டு வா.