ஓய்வுபெற நான்கு மாதங்களே உள்ளன: இசிஎச்எஸ் அட்டை, பெற்றோர் மருத்துவம் குறித்துச் சந்தேகம்

கேள்வி:
தரைப்படையில் ஹவில்தாராக இருக்கும் நான், இன்னும் நான்கு மாதங்களில் ஓய்வூதியத்துடன் வேலூருக்குத் திரும்புகிறேன். இதுவரை வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் எம்.எச். (ராணுவ மருத்துவமனை) இருந்தது. இனி முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்தான் என்று தெரியும். ஆனால் பணிப்பதிவேட்டில் உள்ள என் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. பணியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஊரிலிருந்தே திருத்திக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு வருமானம் ஏதும் இல்லாததால், அவரையும் சேர்க்க எண்ணுகிறேன். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். தனியார் காப்பீடும் தேவைப்படுமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற சுபேதார்):
தம்பி, நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். யூனிட்டில் இருக்கும்போதே ஆதார், திருமணச் சான்றுகளைக் கொடுத்துப் பார்ட் டூ ஆர்டர் (பணிப்பதிவேட்டு விவரங்களை மாற்றும் உத்தரவு) போடச் சொல்லுங்கள். நான் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பிரமாணப் பத்திரமும் கடிதங்களுமாக பணிப்பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பி அனுப்பி ஏறக்குறைய ஓராண்டை இழந்தேன். பிபிஓ (ஓய்வூதிய ஆணை) வந்ததும் அதிலுள்ள மனைவியின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஹவில்தார் வரையிலான இசிஎச்எஸ் சந்தா 30,000 ரூபாய். ஒருமுறை மட்டுமே பிடிப்பார்கள்.

பதில் 2:
அம்மாவைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் இருக்கிறது, ஐயா. அவருக்கு வருமானம் இல்லை என்பது மட்டும் போதாது. பெற்றோர் இருவரின் வருமானத்தையும் கூட்டியே பார்ப்பார்கள். அது மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும் என்பதால், ஆசிரியர் ஓய்வூதியம் வரும் வீட்டில் பெரும்பாலும் இருவருமே சார்ந்தோர் ஆகமாட்டார்கள். இசிஎச்எஸ் இருப்பதால் உங்களுக்கும் மனைவிக்கும் தனியார் பாலிசி அவசரமில்லை. பெற்றோருக்கு, அப்பாவின் ஓய்வூதியர் காப்பீட்டில் அம்மாவின் பெயர் உள்ளதா என்று முதலில் பாருங்கள். போதாதென்றால் மட்டும் தனி பாலிசி எடுங்கள்; சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பதால், தள்ளிப்போடுவதில் நட்டமே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்பாவின் ஓய்வூதியம் கணக்கில் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று கிளார்க்கிடம் சான்றுகளைக் கொடுத்துவிட்டேன். ஸ்மார்ட் கார்டு வருவதற்குள் அவசரம் நேர்ந்தால் என்ன செய்வது?

பதில் 1:
இணையத்தில் விண்ணப்பித்த பின் கிடைக்கும் தற்காலிகச் சீட்டைக் காட்டலாம். இசிஎச்எஸ் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குத் (இசிஎச்எஸ் மருத்துவ மையம்) தெரிவித்துவிடுங்கள். பணத்தை முதலில் நீங்கள் கட்டி, பிறகு அரசு விகிதப்படிதான் திரும்பப் பெற முடியும். சாதாரண நாட்களில் பாலிகிளினிக் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டாம்.