பாறைத் தடத்தில் முன்வீல் தொங்கும்போது ‘டக்’ என்று அடிக்கிறது (பழைய தார், டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்தியது)

உப்புக்காற்று:
வண்டி 2013 மஹிந்திரா தார் சிஆர்டிஇ ஜீப், நான் இருப்பது சாயல்குடி பக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் முன்பக்கத்தை 2 இஞ்ச் தூக்கிக் கொடுத்தார்கள். பொருள் எதுவும் மாற்றவில்லை, அடியில் படுத்து டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்கிற கம்பி) போல்ட்டை இரண்டு பக்கமும் முறுக்கினார், வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

போன ஞாயிறு வாலிநோக்கத்துக்கு இந்தப் பக்கம் உடைமரங்களுக்கு நடுவே ஒரு தடத்தில் போனோம். மேல் மணல் பறந்துபோய் சுண்ணாம்புப் பாறை பலகை பலகையாகத் துருத்திக்கொண்டிருக்கும், இடையிடையே முழங்கால் ஆழப் பள்ளம், பாறை ஓரமெல்லாம் கறிக்கடைக் கத்தி. ஃபோர் லோ (நாலு வீலும் மெதுவாக, பலமாக இழுக்கிற கியர்), முதல் கியர், ஆள் நடக்கிற வேகம்தான். இடது முன்வீல் பலகை மேல் ஏறி, வலது முன்வீல் பள்ளத்துக்கு மேல் வரும்போது ‘டக்’ என்று இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம், ஸ்டீயரிங்கிலேயே கைக்குத் தெரிகிறது. அதோடு அந்த வீல் காற்றில் சுற்ற, குறுக்காகப் பின் இடது வீலும் சுற்ற, வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த நண்பனின் ஜிப்ஸி அதே இடத்தைப் பிராகாரம் சுற்றுகிற மாதிரி நிதானமாகக் கடந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு வீலும் தனித்தனியாக ஏறி இறங்குவது) பாறைக்கே ஆகாதா? முன்னாலும் ரிஜிட் ஆக்சில் (இரண்டு வீலையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே தண்டு) போட்டுவிடு என்கிறார்கள், செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதற்கு முன்னால் இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

பட்டைக்கட்டு:
தம்பி, தனுஷ்கோடிக்கு 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வருவதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் ஆள் ஏற்றி வண்டி ஓட்டினவன் நான். முன்னாலும் பின்னாலும் ஒரே ஆக்சில் ஹவுசிங், பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்), அவ்வளவுதான். ஒரு பக்க வீல் மேலே ஏறினால் மறுபக்க வீல் தானாகக் கீழே அமுங்கும், தராசுத் தட்டு மாதிரி. உன் வண்டியில் இந்த வீலுக்கும் அந்த வீலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அதுவும் பாரை முறுக்கினால் கம்பி இறுகித்தான் போகும், அப்புறம் எப்படி வளையும்? ரோட்டில் சொகுசு வேண்டுமா, பாறை வேண்டுமா, ஒன்றை முடிவு செய். (சொகுசு என்னவென்று என் முதுகைக் கேட்டால் சொல்லும், அது தனிக் கதை.)

முக்கால்ஸ்பேனர், கீழக்கரை:
அண்ணன் சொன்ன தராசு சரி. கம்பி இறுகும் என்பது மட்டும் சரியில்லை. டார்ஷன் பாரின் விறைப்பு அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது, போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது மாறாது. மாறுவது வண்டி நிற்கிற உயரம் மட்டும். வீல் மேலே போக ஒரு எல்லை, கீழே தொங்க ஒரு எல்லை, இரண்டையும் ஆர்மும் (வீலைத் தாங்குகிற கை) ஸ்டாப் ரப்பரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. நீங்கள் 2 இஞ்ச் தூக்கினீர்கள் என்றால் கீழே தொங்குவதற்கு இருந்த இடத்திலிருந்து அந்த 2 இஞ்சை எடுத்து மேலே கொடுத்திருக்கிறீர்கள். புதிதாக எதுவும் வரவில்லை. உங்கள் வீல் பள்ளத்துக்குள் இறங்கப் போன இடத்தில் கயிறு தீர்ந்துவிட்டது, அந்த ‘டக்’ அதுதான் என்று நினைக்கிறேன். சாதா ரோட்டில் வண்டி ‘இறுகின’ மாதிரி குதித்தால் அதுவும் இதனால்தான்.

நினைப்பதை விட அளப்பது நல்லது. சமதரையில் நிறுத்தி, வீலின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பில் அளந்து எழுதுங்கள், இரண்டு பக்கமும். அடுத்து ஜாக்கியைச் சேஸிஸுக்கு அடியில் வைத்து (ஆர்முக்கு அடியில் வைத்தால் அளவே தப்பு) வீல் தரையை விடும் வரை தூக்கி அதே அளவை எடுங்கள். ஸ்டாண்ட் வைக்காமல் கீழே கையை விட வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீல் தொங்கும் தூரம். மேலே எவ்வளவு போகிறது என்பதற்குப் பாறைதான் வேண்டும்: பம்ப் ஸ்டாப் ரப்பரில் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தடவிவிட்டு அதே தடத்தில் போய் வாருங்கள். எதிரே இருக்கிற இரும்பில் வெள்ளை ஒட்டியிருந்தால் முழுசாக அமுங்கியிருக்கிறது, ஒட்டாவிட்டால் அங்கே இடம் சும்மா கிடக்கிறது. ஒரே பலகை, ஒரே வேகம், மூன்று தடவை, வெளியே ஒருவர் நின்று வீலை மட்டும் வீடியோ எடுக்கட்டும்.

ரிஜிட் போடுகிற யோசனையைத் தள்ளி வையுங்கள். 2020 தாரும் 2021 கூர்க்காவும் முன்னால் இண்டிபெண்டன்ட்தான், ஜிம்னி மட்டும் முன்னும் பின்னும் ரிஜிட். கூர்க்காவில் முன்னும் பின்னும் டிஃப் லாக் (இரண்டு வீலுக்கும் சுழற்சியைப் பிரிக்கிற டிஃபரன்ஷியலைப் பூட்டி, இரண்டையும் சேர்ந்தே சுற்ற வைப்பது) வைத்திருக்கிறார்கள், அதனால் வீல் தூக்கினாலும் போகும். உங்கள் 2013-ல் அது இல்லை, பின் ஆக்சிலுக்கு லாக்கிங் டிஃபரன்ஷியல் 2015 மாடலில்தான் வந்தது. ஜிப்ஸி முந்தியதற்குத் தராசு பாதிக் காரணம், உங்கள் போல்ட் மீதிக் காரணம்.

இன்னொன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது. ரிஜிட் வண்டியில் டிஃபரன்ஷியல் வீலோடு சேர்ந்து கல் மேல் ஏறும். உங்களுடையதில் முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிற்கிறது. பலகையிலிருந்து இறங்கும்போது பயந்து பிரேக்கை மிதித்தால் மூக்கு குனியும், இரண்டு வீலும் உள்ளே போகும், டிஃபரன்ஷியல் கல்லுக்கு மேல் வந்து உட்காரும். இறங்குவதற்கு முன்னால் நிறுத்துங்கள், இறங்கும்போது இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும்.

பார்க்கல்:
சோதனை எல்லாம் சரி, தடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓரப் பாறையில் ஏற்றி வீடியோ எடுக்கிற கூட்டம் இப்போது அதிகம். அங்கே கருவாடு காய்கிறது, வலை விரித்திருக்கிறது, தை மாசி பங்குனியில் பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிற கரை அது. எதிரே இருக்கிற 21 தீவும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. நாலு பேர் ஆடுகிற ஆட்டத்துக்கு ஊர்க்காரர்கள் தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிடுவார்கள், அப்புறம் யாருக்கும் வழி இல்லை.

காற்று எவ்வளவு வைத்துப் போனீர்கள்? மணலுக்கு இறக்குகிற மாதிரி 15 பிஎஸ்ஐ-க்கு இறக்கிவிடாதீர்கள், அந்தப் பாறை ஓரம் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். நான் 22 வைக்கிறேன்.

உப்புக்காற்று:
அளந்தேன். வலது பக்கம் நிற்கும்போது 51 செமீ, தொங்கும்போது 52.5. ஒன்றரை சென்டிமீட்டர்தான்! இடது பக்கம் நிற்கும்போது 50.2, ஆக இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில்கூட முறுக்கவில்லை. சுண்ணாம்பு தடவிப் போனேன் (அம்மாவின் டப்பா, திட்டு தனி), மூன்று தடவையும் ரப்பரில் தடவினது தடவினபடி இருந்தது. காற்று 28, பார்க்கல் சொன்னபடி 22 ஆக்கிவிட்டேன்.

முக்கால்ஸ்பேனர் காக்கா, அடுத்து போல்ட்டைத் தளர்த்தினால் போதுமா?

முக்கால்ஸ்பேனர், கீழக்கரை:
போதும். முதல் நாள் இரவே போல்ட்டுக்கு எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்றில் அது திரும்பாது (உங்களைச் சொல்லவில்லை). வண்டியின் பாரம் பாரில் இல்லாதபடி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டுத் திருப்புங்கள், எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். இறக்கின உடனே அளக்காதீர்கள், கொஞ்ச தூரம் ஓட்டி உட்கார்ந்த பிறகு அளங்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட், உயரம் மாறினால் டோவும் கேம்பரும் (வீல் நிற்கிற கோணங்கள்) மாறும். பாரின் மேல் துரு செதிலாக இருந்தால் தேய்த்து பெயிண்ட் அடியுங்கள், டார்ஷன் பார் உடைவது பெரும்பாலும் மேல்பரப்புத் துருக்குழியிலிருந்துதான்.

உப்புக்காற்று:
நேற்று முடித்தேன். இப்போது இரண்டு பக்கமும் நிற்கும்போது 47.5, தொங்கும்போது அதே 52.5. அந்த 52.5 அசையவே இல்லை, எல்லை எல்லைதான் என்பதைக் கண்ணால் பார்த்தேன். அதே பலகையில் போனேன், ‘டக்’ இல்லை, இந்தத் தடவை ரப்பரின் வெள்ளை இரும்பில் லேசாக ஒட்டியிருந்தது. வீல் இன்னும் தூக்கத்தான் செய்கிறது, ஆனால் பிரேக்கில் லேசாகக் கால் வைத்தபடி கொஞ்சமாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் சுற்றுகிற வீல் அடங்கி ஊன்றின வீல் இழுக்கிறது. மூன்றில் இரண்டு தடவை போய்விட்டது. கம்பீரம் குறைந்துவிட்டது என்று தம்பி கிண்டல் செய்கிறான்.

புதுப் பிரச்சினை ஒன்று. அடியில் படுத்தபோது வலது ஆக்சிலின் வெளி பூட் (ஜாயின்ட்டை மூடுகிற ரப்பர் உறை) மடிப்பில் வெடிப்பு, ரிம்முக்கு உள்பக்கம் கிரீஸ் தெறித்து அதில் மணல் ஒட்டியிருக்கிறது. பூட் மட்டும் மாற்றினால் போதுமா?

பட்டைக்கட்டு:
என்னிடம் பூட்டே கிடையாது, கிழிய. சும்மா சொன்னேன் தம்பி.

முக்கால்ஸ்பேனர், கீழக்கரை:
இரண்டு மாதம் ஆக்சில் சாய்வாகவே வேலை செய்ததால் மடிப்பு வெடித்திருக்கும். உள்ளே இருக்கிற கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பழைய கிரீஸைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்துப் பூட் மாற்றினால் போதும். நறநற என்றால் ஜாயின்ட்டைக் கழற்றி டீசலில் கழுவிக் குண்டும் குழியும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்டணும். அதுவரை ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள்.

உப்புக்காற்று:
நறநற.