ஸ்வொப்: பஞ்சுக்குச்சியா, ஒற்றுக்குச்சியா?

ஹற்றனிலிருந்து:

அன்புள்ள கலைச்சொல் குழுமத்தாருக்கு, சுவாசத் தொற்று வைரசுகளுக்கான பீ.சீ.ஆர். பரிசோதனை பற்றித் தோட்ட மருந்தகங்களில் கொடுக்கவிருக்கும் துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூக்கினுள் விட்டு மாதிரி எடுக்கும் ஸ்வொப்புக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘சளிப் பரிசோதனை’ என்றால் காசநோய்க்குக் கூப்பிடுகிறார்களோ என்று தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தில் மிரள்வார்கள். ஆகவே ‘பஞ்சுக்குச்சி’ என்று எழுதியிருக்கிறேன்.

பேராதனையிலிருந்து:

பஞ்சுக்குச்சி எளிய சொல், ஆனால் பிழையான பொருள். இதற்குச் செயற்கை இழை முனையும் பிளாஸ்டிக் தண்டும் உள்ள குச்சியே வேண்டும். மரத்தண்டிலும், கடற்பாசியிலிருந்து பெறும் கல்சியம் அல்ஜினேற்று இழை முனையிலும் உள்ள பொருள்கள் சில வைரசுகளைச் செயலிழக்கச் செய்வதோடு பீ.சீ.ஆர். தாக்கத்தையும் தடுக்கக்கூடும். காது குடையும் குச்சியை யாராவது எடுத்து நீட்டினால் மாதிரி வீண். கையின் வேலையையும் கவனியுங்கள்: அண்ணத்துக்குச் சமாந்தரமாக, தடை தட்டும் வரை செலுத்தி, சுரப்பு ஊறும்படி சில விநாடிகள் விட்டு, சுழற்றியவாறே வெளியே எடுக்கிறோம். இது துடைப்பதன்று, ஒற்றுவது. மையொற்றுத்தாள் இருக்கையில் ஒற்றுக்குச்சி ஏன் கூடாது? ஒற்றுக்கு உளவு என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலை நினைத்தால், ஒளிந்திருக்கும் பகையை அறிந்துவரும் இக்குச்சிக்கு வேறு பெயர் தேடவேண்டியதில்லை. சுருக்கி ‘ஒற்றி’ என்றும் சொல்லலாம்.

பதுளையிலிருந்து:

‘ஒற்றி’ வேண்டாம், ஐயா. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் அது காணி அடைமானம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தாதி காணி உறுதியைத் தேடுவார். ஒற்றுக்குச்சிக்கு உடன்படுகிறேன், ஆனால் கருவியையும் அதில் வந்த மாதிரியையும் ஆங்கிலம் போல ஒரே சொல்லால் குறிக்கக் கூடாது. ‘ஒற்றுக்குச்சியை 2 முதல் 8 பாகை செல்சியசில் 72 மணித்தியாலம் வரை வைக்கலாம்’ என்று எழுதினால், உறை பிரிக்காத புதுக் குச்சிகளும் குளிர்ப்பெட்டிக்குள் போய்விடும். மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்லும் திரவமாகிய கடத்தல் ஊடகத்தில் இட்டபின் அது ‘ஒற்றுமாதிரி’ ஆகட்டும். (கடத்தல் என்றதும் வேறு தொழில் நினைவுக்கு வருகிறது, அச்சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.)

ஹற்றனிலிருந்து:

பெரும்பான்மை ஒற்றுக்குச்சிக்கே இருப்பதாலும், அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டதாலும், ‘ஸ்வொப் எனும் ஒற்றுக்குச்சி’ என்றே அனுப்புகிறேன்.

நுவரெலியாவிலிருந்து:

என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் 2020 முதல் ‘மூக்கில் பீசீஆர் எடுத்தார்கள்’ என்றே சொல்லிவருகிறார்கள். குச்சியின் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவேயில்லை. பிரசுரத்தில் ‘மூக்கில் மாதிரி எடுப்பார்கள்’ என்று எழுதிவிட்டு, ஒற்றுக்குச்சியை ஊழியர் கைநூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.