தோபின்யியின் எட்சிங் அச்சு: காலம் கணிக்க உதவி வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு ஓவியர் சார்ல் பிரான்சுவா தோபின்யி ஒரு படகையே ஓவியக்கூடமாக்கி உவாஸ் ஆற்றில் சுற்றியதையும், அந்த அனுபவத்தை 1862இல் ‘படகுப் பயணம்’ என்ற எட்சிங் (செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மையிட்டு எடுக்கும் அச்சு) தொகுப்பாக வெளியிட்டதையும் பலர் அறிந்திருப்பீர்கள். அத்தொகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லப்பட்ட ஓர் அச்சைப் பழம்பொருள் கடையொன்றில் அண்மையில் வாங்கினேன்.

தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் விரலுக்கே தட்டுப்படுகிறது; ஆனால் வானத்தின் மெல்லிய கோடுகள் ஆங்காங்கே அறுந்தும், கரையோர நிழலின் குறுக்குக் கோடுகள் சாம்பல் பூத்தாற்போல் மங்கியும் இருக்கின்றன. செப்புத் தகடு அச்சிட அச்சிடத் தேயும் என்பதால் இது பிற்காலப் பிரதியோ என்று ஐயுறுகிறேன். எனினும், அக்காலத்திலேயே தேய்மானத்தைக் குறைக்கத் தகட்டின்மீது மின்முறையில் இரும்புப் பூச்சு ஏற்றும் வழக்கம் வந்துவிட்டதால், தேய்மானத்தை மட்டும் வைத்து முடிவுகட்டத் தயங்குகிறேன். (முதற்பிரதிதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்ததே சந்தேகத்தைக் கூட்டியது.)

ஓவியர் 1878இல் மறைவதற்கு முன் அச்சிட்டதா, பின்னர் அச்சிட்டதா என்பதை மையையும் தாளையும் கொண்டு எப்படிப் பிரித்தறிவது? தாளின் பின்புறம் அட்டையில் ஒட்டப்பட்டுள்ளது. நீர்க்குறியை (ஒளிக்கெதிரே பிடித்தால் தாளுக்குள் தெரியும் தயாரிப்பு அடையாளத்தை) பார்க்க அதை நானே பிரிக்கலாமா, அல்லது தாள் பாதுகாப்பு வல்லுநரிடம்தான் கொடுக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.